வீரமும் ஊதியமும் பெயரும்: தொண்டர் படையணி பற்றிய மூன்று நூல்கள்

போர்களைப் பற்றி எழுந்த நூல்கள் பெரும்பாலும் இருவகைப்படும். அரசரும் அமைச்சரும் படைத்தலைவரும் வகுத்த திட்டங்களை உயர்ந்த ஓரிடத்தில் நின்று நோக்குவன ஒரு வகையின. களத்தில் நின்ற ஒருவன் தான் கண்டவற்றையும் பட்டவற்றையும் மட்டும் உரைப்பன மற்றொரு வகையின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு நிற்பது படையணி வரலாறு. அது பேரரசொன்றின் கதையுமன்று, தனியொருவரின் கதையுமன்று. ஒரே கொடியின் கீழ் உண்டு, உறங்கி, நடந்து, மாண்ட ஒரு கூட்டத்தாரின் கதை அது. எனவே அதனை எழுதுவோர் யாவர், யாரை முன்னிறுத்துகின்றனர், யாரை மறந்து செல்கின்றனர் என்னும் வினாக்கள் பிறவகை வரலாறுகளினும் படையணி வரலாற்றிலேயே கூர்மையாக எழுகின்றன.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் இவ்வகை நூல்களுக்கு வளமான விளைநிலமாயிற்று. அப்போரில் ஈடுபட்டோருள் மிகப் பெரும்பாலோர் நிலையான படையைச் சேர்ந்தவரல்லர். மாநிலங்கள் திரட்டியனுப்பிய தொண்டர்களே. காலாட்படையணி ஒன்று பத்துக் கம்பனிகளும் ஏறக்குறைய 1,000 பேரும் கொண்டதாய் அமைக்கப்பட்டது. ஒரு கம்பனியைச் சேர்ந்தோர் பெரும்பாலும் ஓரூரவராகவோ அயலூரவராகவோ இருந்தனர். ஆதலின் ஒரு படையணியின் இழப்பு ஓர் ஊரின் இழப்பாயிற்று. போர் முடிந்தபின் எஞ்சியோர் ஒன்றுகூடித் தம்முள் எழுத வல்லார் ஒருவரைக்கொண்டு தம் வரலாற்றை எழுதுவித்தனர். இவ்வாறெழுந்த நூல்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போலக் காணப்படுகின்றன. ஆட்சேர்ப்பு, கொடி வழங்கல், பயணம், முதற் சமர், பெருஞ்சமர், இழப்பு, வீடு திரும்பல், இறுதியிற் பெயர்ப்பட்டியல் என்னும் வரிசை அவற்றுட் பெரிதும் மாறுவதில்லை.

இந்நூல்களுக்குப் பொதுவாயமைந்த குறை புகழ்ச்சி மிகுதியாகும். எல்லாரும் வீரர் என்று கூறும் நூல் எவரைப் பற்றியும் ஒன்றும் கூறாததற்கு ஒப்பாகும். வீரத்தைப் புகழ்வதற்குச் செலவு எதுவும் இல்லை. தான் புகழும் வீரனுக்குரிய உரிமையை மறுப்பவனும் அவனுடைய வீரத்தைத் தாராளமாகப் புகழ்தல் கூடும். இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்படுவது அப்போரிற் பங்குகொண்ட கறுப்பினத் தொண்டர் படையணிகளின் வரலாற்றிலாகும். ஏறக்குறைய 180,000 கறுப்பினத்தவர் வட மாநிலங்களின் தரைப்படையிற் சேர்ந்து போரிட்டனர். அவர்களுடைய வீரத்தை நாடு வாயாரப் புகழ்ந்தது. ஊதியத்தையோ குறைத்தே கொடுத்தது. பெயர்களையோ நெடுங்காலம் கல்லிற் பொறியாது விட்டது. ஆகையால் இப்படையணிகளின் வரலாற்றை எழுதிய நூல்களை மதிப்பிடுமிடத்து, அவை வீரத்தை எங்ஙனம் பாடின என்று வினவுதல் போதாது. வீரர்க்குரிய ஊதியத்தையும் பெயரையும் அவை எங்ஙனம் கணக்கிற் கொண்டன என்று வினவுதலே தக்கது.

இந்நோக்கில் ஒருங்கு வைத்து ஆராயத்தக்க நூல்கள் மூன்று. முதலாவது, தென் கரோலினா முதலாம் தொண்டர் படையணியின் தலைவர் கேணல் தோமஸ் வென்ட்வேர்த் ஹிகின்சன் 1870 இல் வெளியிட்ட ‘ஒரு கறுப்பினப் படையணியில் இராணுவ வாழ்க்கை’ என்னும் நூல். இரண்டாவது, மசாசுசெட்ஸ் 54 ஆம் தொண்டர் காலாட்படையணியின் கப்டன் லூயிஸ் எமிலியோ 1891 இல் வெளியிட்ட அப்படையணியின் வரலாறு. மூன்றாவது, ஹிகின்சனின் படையணியிற் சலவைப் பணியாளராகப் பதியப்பெற்ற சூசி கிங் டெயிலர் 1902 இற் பொஸ்டன் நகரில் தாமே அச்சிட்டு வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். முதலிரு ஆசிரியரும் வெள்ளையர், அதிகாரிகள். மூன்றாமவர் அடிமையாய்ப் பிறந்த கறுப்பினப் பெண்மணி.

தென் கரோலினாப் படையணியின் தோற்றம் நேரானதன்று. வட மாநிலங்களின் படைகள் கைப்பற்றிய கரையோரத் தீவுகளில் விடுபட்டு நின்ற அடிமைகளைக் கொண்டு ஜெனரல் டேவிட் ஹன்டர் 1862 மே மாதத்தில் ஒரு படையணியைத் திரட்ட முயன்றார். தொண்டர் படை என்னும் பெயர்க்கு மாறாக அவர் பலரை வலிந்தே சேர்த்தார். மத்திய அரசும் அதனை ஏற்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு கம்பனி தவிர ஏனையவை கலைக்கப்பட்டன. அம்மாத இறுதியிற் போர்த் திணைக்களம் ஜெனரல் ரூபஸ் சாக்ஸ்டனுக்கு 5,000 பேர் வரை கறுப்பினத் தொண்டர்களைச் சேர்க்க அனுமதி வழங்கியது. அவ்வாறு புதிதாய் எழுந்த படையணிக்குத் தலைவராக நவம்பர் மாதத்தில் அழைக்கப்பட்டவரே ஹிகின்சன். அவர் சமய போதகர், அடிமை ஒழிப்பியக்கத்தில் முன்னின்றவர், எழுத்தாளர். எமிலி டிக்கின்சன் என்னும் கவிஞர் அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் தம் பாடல்கள் சிலவற்றை அனுப்பிக் கருத்து வேண்டியது இவரிடமே.

இலக்கியச் சுவை என்னும் அளவுகோலால் அளக்குமிடத்து மூன்று நூல்களுள்ளும் ஹிகின்சனுடையதே முதலிடம் பெறும். அதன் ஒரு பகுதி பாசறை நாட்குறிப்பு. மறுபகுதி ஆறுகளின் வழியே நிகழ்ந்த படையெடுப்புக்களைப் பற்றிய கட்டுரைகள். ஆட்டை மாந்தோல் போன்ற பாசி தொங்கும் ஓக் மரங்கள், இரவிற் பாசறைத் தீயைச் சூழ்ந்து எழும் பாடல், காவலாளரின் குரல் ஆகியன அந்நூலில் உயிர்பெற்று நிற்கின்றன. படைவீரர் பாடிய பக்திப் பாடல்களை அவர் இருளில் அருகிருந்து கேட்டு எழுதி வைத்தார். சேர் வோல்ட்டர் ஸ்கொட் தம் நாட்டின் எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த பணியோடு தம் பணியை ஒப்பிட்டு மகிழ்ந்தார். அப்பாடல்கள் பற்றி அவர் எழுதிய இயல், எழுத்திலேறாத ஒரு மக்கள் இலக்கியத்தை மதித்து ஏட்டிற் பதித்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாகும்.

அந்நூலின் சிகரமாய் விளங்குவது 1863 ஜனவரி முதலாம் நாள் நிகழ்ச்சி. அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் பாசறையிற் படிக்கப்பட்டது; படையணிக்குக் கொடி வழங்கப்பட்டது. ஹிகின்சன் மறுமொழி கூற எழுமுன் மேடையருகே ஒரு முதியவரின் குரல் எழுந்தது. இரு பெண்களின் குரல்கள் அதனோடு சேர்ந்தன. தம் நாட்டைத் தம் நாடென்று விளிக்கும் பாட்டொன்றை அவர்கள் பாடினர். கறுப்பின மக்கள் பலர் உடன்பாடினர். மேடையிலிருந்த வெள்ளையரும் பாடத் தொடங்கியபோது ஹிகின்சன் கையசைத்து அவர்களை அடக்கினார். பிறந்த மண்ணைத் தமதென்று சொல்லும் உரிமையை அன்றே பெற்றவர்களின் குரல் பிற குரல்களோடு கலந்து மறைந்து போகலாகாது என அவர் உணர்ந்தார். அந்நூலாசிரியரின் மிகச் சிறந்த பண்பு இச்சைகையில் அடங்கியுள்ளது எனலாம். பேச வல்லவர் பேசாதிருந்து பிறரைக் கேட்பித்த கணம் அது.

அதே மாதத்தில் சென் மேரீஸ் ஆற்றின் வழியே நிகழ்ந்த படையெடுப்பில் வரும் காட்சியொன்றும் குறிக்கத்தக்கது. அப்படைக்கு வழிகாட்டியவர் கோப்ரல் ரொபேட் சட்டன். அவ்வாற்றங்கரையிலுள்ள தோட்டமொன்றில் அவர் முன்னர் அடிமையாயிருந்தவர். தோட்டத்துத் தலைவியின் முன்னே ஹிகின்சன் அவரைப் படைவீரராக அறிமுகஞ் செய்தபோது, அவ்வம்மையார் அவரை அறிந்துகொண்டார். தாங்கள் அவரை அழைத்துவந்த குறும்பெயர் வேறென்று கூறினார். பின்னர் அங்கிருந்த அடிமைச் சிறையையும் விலங்குகளையும் சட்டனே தம் தலைவருக்குக் காட்டினார். ஒருவரின் முழுப்பெயருக்கும் குறும்பெயருக்கும் இடையிலே எத்துணைப் பெரிய போரொன்று நிகழ்கின்றது என்பதை இக்காட்சி விளக்கவுரையின்றியே உணர்த்துகின்றது. சட்டனைப் பற்றியும் சார்ஜன்ட் பிரின்ஸ் றிவேர்ஸ் பற்றியும் ஹிகின்சன் எழுதிய பகுதிகளில் அவர்கள் அறிவும் ஆளுமையும் உடைய தனி மனிதராகவே தோன்றுகின்றனர்.

எனினும் இச்சிலரை விடுத்து ஏனையோரைப் பற்றிப் பேசுமிடத்து ஹிகின்சனின் நடை மாறிவிடுகின்றது. படைவீரரைக் குழந்தைகளோடு ஒப்பிடும் வழக்கம் அவரிடம் அடிக்கடி காணப்படுகின்றது. அவர்களின் பணிவையும் பக்தியையும் வியக்குங்கால், ஆராயத்தக்கதொரு புது இனத்தைக் கண்ட பயணியின் குரலிலேயே அவர் பேசுகின்றார். அவர்களின் பேச்சை அவர்கள் ஒலித்தவாறே சிதைந்த எழுத்துக்களில் எழுதிக் காட்டுகின்றார். தம்மினத்து அதிகாரிகளின் பேச்சையோ செம்மையாகவே எழுதுகின்றார். அன்புண்டு, மதிப்பும் உண்டு, ஆயினும் அவ்வன்பு மேலிருந்து கீழ் நோக்கும் அன்பு. பிடிபட்டால் மீண்டும் அடிமைத்தளையோ மரணமோ காத்திருக்கும் என்றறிந்தும் போரிட்டோரைக் குழந்தைகள் எனல் பொருந்தாது என்பதை அந்நூலில் அவரே தரும் சான்றுகள் காட்டுகின்றன. ஆசிரியரின் கருத்தை ஆசிரியரின் சான்றே மறுப்பது அந்நூலின் குறையாயினும், சான்றை மறையாது தந்தமை அதன் நேர்மையுமாகும்.

எமிலியோவின் நூல் முற்றிலும் வேறுபட்டது. மசாசுசெட்ஸ் ஆளுநர் ஜோன் அன்ட்ரூ 1863 ஜனவரியில் அனுமதி பெற்றுத் திரட்டிய 54 ஆம் படையணியில், அடிமையாயிராத வடபுலத்துக் கறுப்பினத்தவரே பெரும்பாலர். பிரெடெரிக் டக்ளஸின் மைந்தர் இருவர் அதிற் சேர்ந்தனர். கேணல் ரொபேட் கூல்ட் ஷோ தலைமையில் அது மே 28 ஆம் நாள் பொஸ்டனை விட்டுப் புறப்பட்டது. யூலை 18 ஆம் நாள் மாலையிற் சார்ள்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலைக் காத்துநின்ற வாக்னர் என்னும் மண்கோட்டையின்மீது நிகழ்ந்த தாக்குதலில் முன்னணியிற் சென்றது. கடலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பின் வழியே ஏறக்குறைய 600 பேர் முன்னேறினர். கோட்டைச் சுவரின் மீது ஷோ மாண்டார். அவருக்கு வயது 25. மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோரும் ஏறக்குறைய 270 பேர். மூத்த அதிகாரிகள் யாவரும் வீழ்ந்தமையால் அன்றிரவு எஞ்சிய படைக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு 18 வயதினரான கப்டன் எமிலியோவிடம் வந்தது.

அத்தகைய ஒருவர் தம் செயலைப் பெரிதாக்கி எழுதியிருப்பின் அதனை எவரும் குறைகூறார். ஆயின் எமிலியோ தம்மைப் பற்றிக் கூறுமிடத்தும் படர்க்கையிலேயே சுருங்கக் கூறிச் செல்கின்றார். கட்டளைகள், கடிதங்கள், அறிக்கைகள், உடன் போரிட்டோரின் குறிப்புகள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்து நாள்வரிசையில் அடுக்குவதே அவர் முறை. மாற்றுப் படைத்தலைவரொருவரின் ஆணையால் 1863 யூன் மாதத்தில் ஜோர்ஜியாவின் டேரியன் என்னும் ஊர் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்ட செய்தியையும் அவர் மறைக்கவில்லை. வரலாற்றாசிரியன் என்னும் அளவில் ஹிகின்சனிலும் எமிலியோ நம்பத்தக்கவர். குறை யாதெனின், அவருடைய நூலில் மனிதர் குரல் அரிதாகவே கேட்கின்றது. படை நகர்வதைக் காணலாம். நகரும் படையினுள் நடக்கும் ஒருவன் என்ன எண்ணினான் என்பதைக் காண்டல் அரிது.

இவ்வேறுபாடுகளையெல்லாம் கடந்து இரு நூல்களும் சந்திக்கும் இடம் ஊதியப் போராட்டம். வெள்ளையினப் படைவீரருக்கு மாதம் 13 டொலரும் அதன்மேல் உடைச் செலவும் வழங்கப்பட்டன. கறுப்பினத்தவரைப் பணிக்கமர்த்துவது பற்றி 1862 யூலையில் நிறைவேறிய சட்டம் கூலியாட்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. அதன்படி அவர்களுக்கு 10 டொலர், அதனுள்ளும் 3 டொலர் உடைக்காகக் கழிக்கப்படும். சேரும்போது சம ஊதியம் வாக்களிக்கப்பட்டிருந்தும் 1863 இல் இச்சட்டமே கறுப்பினப் படைவீரர்மீதும் சுமத்தப்பட்டது. சார்ஜன்ட் பதவியிலிருந்தோர்க்கும் இதுவே அளவு. வாக்னர் கோட்டையின்முன் உயிரை ஈந்தவனும் அரசின் கணக்கேட்டிற் படைவீரனாகாமல் கூலியாளாகவே நின்றான்.

54 ஆம் படையணியினர் குறைந்த ஊதியத்தை வாங்க மறுத்தனர். குறையும் தொகையைத் தானே ஈடுசெய்வதாக மசாசுசெட்ஸ் அரசு முன்வந்தபோதும் மறுத்தனர். தொகை அவர்களுக்குப் பொருட்டன்று. தொகையிற் பொதிந்திருந்த தாழ்வே பொருட்டாயிற்று. ஊரிலே மனைவி மக்கள் வறுமையுற்ற காலத்திலும் அவர்கள் இம்முடிவில் வழுவவில்லை. தென் கரோலினாவின் மூன்றாம் படையணியைச் சேர்ந்த சார்ஜன்ட் வில்லியம் வோக்கர் 1863 நவம்பரில் தம் கம்பனியாரோடு சென்று தலைவரின் கூடாரத்தின்முன் துப்பாக்கிகளை வைத்துப் பணிசெய்ய மறுத்தார். கலகக் குற்றஞ் சாட்டப்பட்டு 1864 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். வாக்கை மீறிய அரசு தண்டனை பெறவில்லை. வாக்கை நினைவூட்டியவர் பெற்றார்.

1864 யூன் மாதத்திற் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் அவ்வாண்டு ஜனவரி முதல் அனைவர்க்கும் சம ஊதியம் வழங்கியது. அதற்கு முந்திய காலத்துக்கோ 1861 ஏப்பிரல் 19 ஆம் நாளன்று அடிமையாயிராதவர்க்கு மட்டுமே முழு ஊதியம் என்று வகுத்தது. இதனால் ஒரே படையணியினுள்ளும் பிளவு தோன்றும் நிலை ஏற்பட்டது. 54 ஆம் படையணியின் புதிய தலைவர் கேணல் எட்வர்ட் ஹாலோவெல் இதனைக் கடக்க ஒரு சத்தியவாசகத்தை அமைத்தார். குறித்த நாளிலோ அதற்கு முன்னரோ எவருக்கும் ஊதியமில்லா உழைப்பைத் தாம் கடன்பட்டிருக்கவில்லை என்று வீரர் ஒவ்வொருவரும் ஆணையிடலாம் என்பது அதன் பொருள். மனிதனை மனிதன் உடைமையாக்கும் சட்டத்தை அறம் ஏற்பதில்லையாதலின், அடிமையாயிருந்தவனும் இவ்வாறு மெய்யாகவே ஆணையிட முடிந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில் அவர்களுக்கு முழு ஊதியமும் கிடைத்தது. ஹிகின்சனின் படையணியினரோ ஏறத்தாழ யாவரும் அடிமைகளாயிருந்தவர். அவர்கள் 1865 மார்ச் மாதத்துச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இப்போராட்டத்தை இரு ஆசிரியரும் எழுதிய முறையே அவர்களை மதிப்பிடச் சிறந்த உரைகல். ஹிகின்சன் போர் நிகழ்ந்த காலத்திலேயே பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் எழுதி அரசின் வாக்குமீறலைக் கண்டித்தவர். அவருடைய சினம் மெய்யானது. அவருடைய வாதம் உறுதியானது. ஆயினும் நூலமைப்பில் அப்போராட்டம் பெரிதும் பின்னிணைப்பிலே இடம்பெறுகின்றது. இரவும் நிலவும் பாடலும் நூலின் நடுவே நிற்க, ஊதியம் நூலின் கடையிலே ஆவணமாய் ஒதுங்கிவிடுகின்றது. எமிலியோ அதனைப் படையணியின் நடைமுறை வாழ்விலிருந்து பிரிக்கவில்லை. அகழி வெட்டல், காவல், சமர் ஆகியவற்றோடு ஊதிய மறுப்பும் அவர் நூலில் நாள்வரிசையிலேயே வருகின்றது. சார்ஜன்ட் ஸ்டீபன் ஸ்வெயில்ஸ் என்னும் கறுப்பினத்தவரை ஆளுநர் அதிகாரியாக்கியபோது போர்த் திணைக்களம் நெடுங்காலம் மறுத்து 1865 ஜனவரியிலேயே ஏற்றுக்கொண்ட செய்தியும் அவ்வாறே. அழகிற் குறைந்த நூல் இவ்விடத்தில் அறத்தின் அமைப்பில் உயர்ந்து நிற்கின்றது.

ஆயினும் ஊதியத்தை மறுத்தவர்களின் சொந்த மொழி இவ்விரு நூல்களிலும் போதிய அளவிற் கேட்கவில்லை. அதற்குப் பிறிதோரிடம் செல்லவேண்டியுள்ளது. 54 ஆம் படையணியின் கோப்ரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் தம் ஊராகிய நியூ பெட்போர்ட் நகரத்துப் பத்திரிகைக்குக் களத்திலிருந்து தொடர்ந்து கடிதங்கள் எழுதிவந்தார். 1863 செப்டெம்பர் 28 ஆம் நாள் அவர் லிங்கனுக்கே நேராக எழுதினார். தாங்கள் படைவீரரா, கூலியாட்களா என்னும் வினாவை அதில் மரியாதையோடும் வளையாத முதுகோடும் முன்வைத்தார். அடுத்த ஆண்டு ஒலஸ்டீ சமரிற் சிறைப்பட்டு, ஆன்டர்சன்வில் சிறைமுகாமில் யூலை மாதத்தில் இறந்தார். சம ஊதியம் அவர் கைக்கு வரவேயில்லை. அவருடைய பத்திரிகைக் கடிதங்கள் தொகுக்கப்பட்டு நூலானது 1991 இல். படைத்தலைவரின் வரலாறு போர் முடிந்து ஐந்தாண்டுகளில் வெளிவந்தது. கோப்ரலின் குரல் நூலேற நூறாண்டுகளுக்கு மேற் சென்றது.

இவ்விடைவெளியிலேதான் சூசி கிங் டெயிலரின் சிறுநூல் தன் தனிச்சிறப்பைப் பெறுகின்றது. 1848 இல் ஜோர்ஜியாவில் அடிமையாய்ப் பிறந்த அவர், சவன்னா நகரில், சட்டம் தடுத்த எழுத்தறிவை மறைவாகப் பெற்றார். வெளியார் காணாதபடி புத்தகங்களைக் காகிதத்திற் சுற்றிக்கொண்டு படிக்கச் சென்றார். 1862 ஏப்பிரலில் உறவினரோடு வட மாநிலப் படையின் பாதுகாப்பை அடைந்து, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே சென் சைமன்ஸ் தீவில் ஆசிரியரானார். படையணியின் சார்ஜன்ட் எட்வர்ட் கிங் என்பவரை மணந்து பாசறையில் வாழ்ந்தார். பதிவேட்டில் அவர் சலவைப் பணியாளர். உண்மையில் அவர் செய்தவை பல: ஓய்ந்த நேரங்களிற் படைவீரருக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பித்தார், காயமுற்றோரைப் பேணினார், அம்மை கண்ட வீரரொருவரையும் அஞ்சாது சென்று கவனித்தார், துப்பாக்கிகளைத் துடைத்து, குண்டேற்றிச் சுடவும் பழகினார். நான்காண்டுகளுக்கு மேற்பட்ட இப்பணிக்கு அவர் ஒரு டொலரும் பெறவில்லை. ஏழு டொலரா பதின்மூன்று டொலரா என்று படையணி போராடிய காலத்தில், எத்தொகையும் எழுதப்படாத கணக்கொன்று அப்பாசறையிலேயே இருந்தது என்பதை இந்நூலே உணர்த்துகின்றது.

டெயிலரின் நடை எளியது, அலங்காரமற்றது. ஹிகின்சன் நிலவொளியில் தீட்டிய பாசறையை இவர் பகலொளியிற் காட்டுகின்றார். உணவு, நோய், கூடாரம், ஈரத்துணி, ஊரிலிருந்து வரும் கடிதம் ஆகியன இவர் பொருள். படைவீரரை இவர் குழந்தைகளாகக் காணவில்லை. கணவராகவும் உறவினராகவும் தோழராகவும் மாணவராகவும் காண்கின்றார். எனவே அவர்களை வியக்கவேண்டிய தேவையும் இவருக்கில்லை. ஹிகின்சன் இந்நூலுக்கு முன்னுரைக் கடிதமொன்று வழங்கினார் என்பது அவர் பெருமைக்குரியது. தம் நூல் காட்டாத பக்கமொன்று உண்டு என்பதை அவர் இதனால் ஏற்றுக்கொண்டார் எனக் கொள்ளல் தகும்.

இந்நூலின் இறுதிப் பகுதி படையணி வரலாற்றுக்குப் புறம்பானது எனச் சிலர் கருதக்கூடும். போரின்பின் கணவர் 1866 இலேயே இறந்தமை, பள்ளி நடத்தியும் வீட்டு வேலை செய்தும் பிழைத்தமை, பொஸ்டனிற் போர்வீரர்க்கு உதவும் மகளிர் சங்கத்திற் பணியாற்றியமை, தென்புலத்தில் நடந்த கும்பற் கொலைகள் ஆகியன அங்குப் பேசப்படுகின்றன. 1898 இல் லூயிசியானாவில் நோயுற்ற மகனைப் பார்க்கச் சென்றபோது, படுத்த படுக்கையாயிருந்த அவனைப் பொஸ்டனுக்குக் கொண்டுவரப் புகைவண்டியிற் படுக்கையிடம் நிறத்தின் பொருட்டு மறுக்கப்பட்டது. அவன் அங்கேயே இறந்தான். இவையெல்லாம் 1866 இற் கலைந்த ஒரு படையணியின் வரலாறாகுமா?

ஆகும் என்றே விடைகூற வேண்டும். படையணி வரலாறுகள் வீடு திரும்பலோடு முடிவடையும் மரபு, திரும்பிச் செல்ல வீடும் உரிமையும் உடையோர்க்குப் பொருந்திய மரபாகும். எதன் பொருட்டு ஒரு படை திரண்டதோ அது நிறைவேறியதா என்று கேளாமல் அப்படையின் வரலாற்றை முடித்தல் இயலாது. நாட்டின் கொடியைக் காத்த சார்ஜன்ட் ஒருவரின் மகனுக்கு அந்நாட்டுப் புகைவண்டியில் ஒரு படுக்கை இல்லையெனில், அதுவும் அப்படையணிக்குச் செலுத்தப்படாத ஊதியமே. ஹிகின்சன் பின்னிணைப்பிலும் எமிலியோ நாள்வரிசையிலும் எழுதிய கடனை டெயிலர் அடுத்த தலைமுறை வரை கணக்கிட்டுக் காட்டினார். வரலாற்று முறையில் அவர் நூலிற் குறைகள் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப்பின் நினைவிலிருந்து எழுதப்பட்டமையால் நாளும் இடமும் சிலவிடத்து நெகிழ்ந்து நிற்கின்றன. ஆயினும் வினாவை முடிவுவரை கேட்டவர் அவரொருவரே.

எஞ்சியது பெயர் பற்றிய செய்தி. ஷோவுக்கும் 54 ஆம் படையணிக்கும் பொஸ்டன் நகரில் நிறுவப்பட்ட வெண்கலச் சிற்பம் 1897 மே 31 ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. சிற்பி ஒகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதில் உழைத்தார். நடந்து செல்லும் கறுப்பின வீரரின் முகங்களை ஒரே அச்சில் வார்க்காமல், ஒவ்வொன்றையும் உயிருள்ள மனிதரைப் பார்த்துத் தனித்தனியே வடித்தார். அதனாலேயே அச்சிற்பம் பெருமை பெற்றது. ஆயின் அந்நடுகல்லின் பின்புறத்திற் பொறிக்கப்பட்டவை மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்களே. வாக்னர்க் களத்தில் மாண்ட கறுப்பின வீரரின் பெயர்கள் 1980 களின் தொடக்கத்திலேயே அதிற் சேர்க்கப்பட்டன. 1989 இல் வெளிவந்து இப்படையணியை உலகறியச் செய்த ‘குளோரி’ என்னும் திரைப்படமும் தலைவருக்கு மெய்ப்பெயர் வழங்கி, முதன்மை பெற்ற கறுப்பின வீரர்க்கோ கற்பனைப் பெயர்களையே வழங்கியது. கொடியைக் காத்து 1900 இல் உயரிய வீரப்பதக்கம் பெற்ற வில்லியம் கார்னியும், குடிங்கும், ஸ்வெயில்ஸும் அத்திரையில் இடம்பெறவில்லை.

இங்கே எமிலியோ நூலின் கடைசிப் பக்கங்கள் புதுப்பொருள் பெறுகின்றன. படையணி வரலாறுகளில் எவரும் படியாது புரட்டிச் செல்லும் பகுதி பெயர்ப்பட்டியல். எமிலியோவோ கம்பனி கம்பனியாக வீரர் பெயர்களை நிரல்படுத்தி, அவர்களுக்கு நேர்ந்ததையும் குறித்துச் சென்றார். சிற்பம் எழுவதற்கு ஆறாண்டுகள் முன்னரே அப்பெயர்கள் அச்சேறி அதே நகரிற் கிடைத்தன. எனவே கல்லில் அவை இடம்பெறாமைக்கு அறியாமை காரணமன்று. மரபு வழிவந்த வறண்ட பட்டியலொன்று, கலைவல்லார் செய்த சிற்பம் செய்யாத நீதியை ஓசையின்றிச் செய்து வைத்திருந்தது. டெயிலரும் பொஸ்டனில் எஞ்சியிருந்த முன்னாட் படைவீரரின் பட்டியலைத் தொகுக்கும் பணியிலே துணைநின்றார் என்பது இவ்விடத்து இணைத்து நோக்கற்பாலது.

1866 பெப்ரவரி 9 ஆம் நாள் ஹிகின்சனின் பழைய படையணி கலைக்கப்பட்டது. அப்பொழுது அதற்கு ஐக்கிய அமெரிக்காவின் 33 ஆம் கறுப்பினப் படையணி என்று பெயர் மாறியிருந்தது. ஹிகின்சன் உடல்நலங் குன்றி 1864 இலேயே விலகியிருந்தார். கலைக்கப்பட்ட இடம் வாக்னர் கோட்டை. ஷோவையும் அவருடைய வீரரையும் ஒரே குழியிற் புதைத்த மணலின்மேல் நின்று, அடிமைகளாயிருந்த அவ்வீரர் துப்பாக்கிகளை ஒப்படைத்தனர். இரு படையணிகளின் வரலாறும் அம்மணலில் ஒன்றாயின. அவற்றைப் பற்றிய நூல்களும் அவ்வாறே ஒருங்கு வைத்துப் படிக்கத்தக்கன. ஹிகின்சனைப் படிப்போர் அப்பாசறையின் பாடலைக் கேட்பர். எமிலியோவைப் படிப்போர் அதன் நாட்களையும் பெயர்களையும் அறிவர். அங்குத் தீராத கடன் எவ்வளவு என்பதை அறிய விரும்புவோர் டெயிலரின் சிறுநூலையும் உடன் படித்தல் வேண்டும்.